நாற்பத்தொன்பது நிமிட பர்கர்

என் முகம் உங்கள் வீட்டுப் போனில்கூட இருக்கலாம். மூக்கைச் சுருக்கி, ஒரு கண்ணை மூடி, நாக்கை வெளியே தள்ளியபடி ஒரு பெண். யாராவது குரூப்பில் ‘நாளைக்குப் பள்ளி உண்டு’ என்று போட்டால், பதிலுக்கு அந்த ஸ்டிக்கர் வந்து விழும். அது நான்தான். பெயர் ஹெப்சி, ஆறாம் வகுப்பு.

அந்த முகம் எப்படி வந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். ஊரில் சுற்றும் கதையில் பாதி தப்பு.

என் அப்பா பெயர் ஜாய்சன். பல்லாவரத்தில் ஒரு கூரியர் ஆபீஸில் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை ரொம்ப நல்ல மனிதர். சனிக்கிழமை வந்தால் போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு, ‘நாக்கு நீளம்’ என்ற தன்னுடைய யூடியூப் சேனலுக்காகக் கிளம்பிவிடுவார். தாம்பரத்தைச் சுற்றி எங்கே புதுக் கடை திறந்தாலும் அங்கே நாங்கள் இருப்போம். அந்தக் கடையின் ஸ்பெஷல் எதுவோ அதைச் சாப்பிட்டு, எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்பவர் அப்பா. சாப்பிடுபவள் நான்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். என் வகுப்பில் எல்லாருக்கும் என்மேல் பொறாமை. ஆனால் இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் நான் எதையும் சூடாகச் சாப்பிட்டதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

மேசைக்கு ஒரு தட்டு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சாப்பிடுவீர்கள். அப்பா முதலில் அதை மேலேயிருந்து படம் எடுப்பார். பிறகு பக்கவாட்டில் எடுப்பார். பிறகு சுற்றிச் சுற்றி வந்து எடுப்பார். நடுவில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம். ஆவி பறப்பதுபோல் தெரிவதற்காகத் தட்டுக்குப் பின்னால் ஒரு டம்ளர் வெந்நீரை ஒளித்து வைப்பார். வெந்நீரிலிருந்து ஆவி வரும். தட்டில் இருப்பது ஆறிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஜெபம். எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் யாரும் ஒரு வாய்கூடச் சாப்பிடமாட்டோம். வெளியே போனாலும் அப்படித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, இந்த உணவுக்காக ஸ்தோத்திரம், ஆமென்” என்று சொல்வது பார்க்கிறவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதனால் அதையும் அப்பா எடுப்பார். வெளிச்சம் சரியில்லை என்றால் இன்னொரு தடவை எடுப்பார். ஒரே தோசைக்கு மூன்று தடவை நன்றி சொன்ன குடும்பம் இந்தப் பக்கத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். கடவுளுக்கே அலுத்துப் போயிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் போனது சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் திறந்திருந்த ஒரு கடைக்கு. பெயர் ‘ஆறு மேசை’. உள்ளே போனதும் எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான் இருந்தது.

“ஆறாவது எங்க ஆன்ட்டி?” என்று கேட்டேன்.

கடைக்கார ஆன்ட்டி சிரித்தார். அவர் பெயர் தீபலட்சுமி. சமைப்பதும் அவர்தான், கொண்டுவந்து வைப்பதும் அவர்தான்.

“கூட்டம் வரட்டும் பாப்பா, வாங்கிடுவேன்” என்றார்.

அந்தக் கடையின் ஸ்பெஷல் ஒரு பர்கர். வெண்ணெயில் வாட்டிய பன், மிளகு போட்டுப் பொரித்த கோழி, புதினா சட்னி. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? கோழிக்கு மேல் பன் அளவுக்கே ஓர் அப்பளம் இருந்தது. எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்தது. கூடவே உயரமான கண்ணாடி டம்ளரில் நன்னாரியும் நெல்லிக்காயும் கலந்த சோடா, நுரை பொங்கப் பொங்க வந்தது.

“உடனே சாப்பிட்டுடுங்க சார்” என்றார் ஆன்ட்டி. “அஞ்சு நிமிஷம் தாண்டினா அப்பளம் நமத்துடும். சோடாவும் கேஸ் போயிடும்.”

“கண்டிப்பா மேடம்” என்றார் அப்பா. ஆன்ட்டி அந்தப் பக்கம் திரும்பியதும் வெந்நீர் டம்ளரைத் தட்டுக்குப் பின்னால் வைத்தார்.

வாசனை மூக்கைத் துளைத்தது. காலையில் ஒரு இட்லிதான் சாப்பிட்டிருந்தேன். என் வயிறு போட்ட சத்தம் மைக்கில் பதிவாகிவிட்டது என்று அப்பா அதற்காகவும் ஒரு தடவை திரும்ப எடுத்தார். நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. போனில் இடமில்லை என்று பழைய படங்களை அழித்தார். நான் இரண்டு தடவை ஜெபம் பண்ணினேன்.

ஒருவழியாக, “இப்போ கடி” என்றார்.

கடித்தேன். அப்பளம் ஈரத்துணிபோல் பல்லில் இழுபட்டது. பன் கொழகொழவென்று இருந்தது. விழுங்கினால் போதும் என்று சோடாவை ஒரு வாய் குடித்தேன். கேஸ் எல்லாம் போய், நெல்லிக்காயின் துவர்ப்பு மட்டும் மிச்சமிருந்தது. என் முகம் தானாகவே அப்படிப் போனது. சத்தியமாக நான் நடிக்கவில்லை.

“சூப்பர்! அப்படியே இரு, அப்படியே இரு!” என்று அப்பா குதித்தார்.

கிளம்பும்போது ஆன்ட்டி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “எப்படி இருந்துச்சு பாப்பா?”

“நல்லா இருந்துச்சு ஆன்ட்டி” என்றேன்.

அந்த வீடியோவுக்கு அப்பா வைத்த தலைப்பு: ‘சிட்லபாக்கத்துல இவ்ளோ மோசமான பர்கரா? என் பொண்ணு முகத்தைப் பாருங்க!’ அதுவரை எங்கள் வீடியோக்களைச் சொந்தக்காரர்களும் சபைக்காரர்களும்தான் பார்ப்பார்கள். இதை ஊரே பார்த்தது. அப்பா வீட்டுக்குள் விசில் அடித்துக்கொண்டே நடந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் என்னைச் சுற்றிக் கூட்டம்.

“ஹெப்சி, அந்த முகத்தை ஒரு தடவை செய்யேன்!” என்றான் பிரிட்டோ. எங்கள் வகுப்பிலேயே சத்தமாகச் சிரிப்பவன் அவன்.

செய்து காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி செய்தேன். பின் பெஞ்சில் சத்யபிரியா உட்கார்ந்திருந்தாள். ஜூன் மாதம்தான் எங்கள் பள்ளியில் சேர்ந்தவள், அதிகம் பேசமாட்டாள். டிபன் டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் அதைப் பார்த்தேன். ஏன் போகிறாள் என்று யோசிக்காமல் மூன்றாவது தடவையும் செய்து காட்டினேன்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். வெள்ளிக்கிழமை பிரிட்டோ என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் சிரிக்காமல் இருந்ததே எனக்கு ஆச்சரியம்.

“உனக்கு நிஜமாவே தெரியாதா? ஆறு மேசை, சத்யா அம்மா கடை. நேத்து எங்க அக்காதான் சொன்னா.”

சத்யா தண்ணீர்க் குழாயடியில் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

“எனக்குத் தெரியாது சத்யா. சாரி.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. “வீடியோல பொய் சொன்னியா?”

“இல்ல. நிஜமாவே நமத்துப் போயிருந்துச்சு.”

“தட்டு வந்து எவ்ளோ நேரம் கழிச்சு சாப்பிட்ட?”

“எல்லாம் எடுத்து முடிச்சப்புறம்...”

“எவ்ளோ நேரம்னு கேட்டேன்.”

“தெரியல. ரொம்ப நேரம்.”

“உடனே சாப்பிடச் சொல்லி எங்கம்மா சொல்லலையா?”

“சொன்னாங்க.”

சத்யா பாட்டிலை மூடினாள். “அப்புறம் என்ன?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலை எங்கள் பள்ளி வேன் ஏரி ரோடு வழியாகப் போனது. ஆறு மேசை வாசலில் இரண்டு கல்லூரி அண்ணாக்கள் நின்றிருந்தார்கள். கடைப் பெயர் தெரியும்படி நின்று, மூக்கைச் சுருக்கி, நாக்கை நீட்டி செல்பி எடுத்தார்கள். என் முகம்! பிறகு சிரித்துக்கொண்டே பைக்கில் ஏறிப் போய்விட்டார்கள். உள்ளே ஒரு மேசையிலும் ஆள் இல்லை. தீபலட்சுமி ஆன்ட்டி அடுப்படி வாசலில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேன் சீட்டுக்குள் முடிந்தவரை குனிந்துகொண்டேன். அந்தக் கடை மூடிப்போனால் அதற்கு என் மூஞ்சிதான் காரணம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் போனை எடுத்தேன். எடுத்த படங்கள் எல்லாம் அதில் நேரத்தோடு இருக்கும். பர்கர் மேசைக்கு வந்த முதல் படம் 12.18. நான் கடித்த படம் 1.07. விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். நாற்பத்தொன்பது நிமிடம்.

அப்பா வந்ததும் காட்டினேன். “அந்த வீடியோவைச் சேனல்ல இருந்து எடுத்துடுங்கப்பா.”

“ஏம்மா? நீ ஒண்ணும் பொய் சொல்லலையே. உனக்குப் பிடிக்கல, முகத்துல தெரிஞ்சுது. அவ்வளவுதானே?”

“ஆன்ட்டி செஞ்சது நல்லாத்தான் இருந்திருக்கும். நாமதான் கெடுத்தோம்.”

“ஒரு வீடியோவால ஒரு கடைக்கு என்ன ஆயிடப்போகுது? விடு. இப்பத்தான் நம்ம சேனல் மேல வருது.” சொல்லிக்கொண்டே என் தலையைத் தடவினார். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லைவ் போறோம். எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க. அந்த முகத்தை ஒரு தடவை செஞ்சு காட்டினா போதும்.”

எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. அவர் கெட்டவர் இல்லை. வேலைக்குப் போய் வருகிற அலுப்பெல்லாம் அந்தப் போனைப் பார்த்தால் அவருக்குப் பறந்துவிடும். அது எனக்கும் தெரியும். அதனால்தான் இரண்டு நாளும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் லைட் எல்லாம் போட்டு, என்னைச் சோபாவில் உட்கார வைத்தார். அம்மா வாசற்படியில் நின்று பார்த்தார். போனில் எழுத்துகள் மேலே மேலே ஓடின. ‘ஹெப்சி பாப்பா ஹாய்’, ‘முகம் ப்ளீஸ்’, ‘முகம்! முகம்!’

“சரி, எல்லாரும் கேக்கறாங்க. ஹெப்சிம்மா, ஸ்டார்ட்!” என்றார் அப்பா.

நான் முகத்தைச் செய்யவில்லை.

“அந்த பர்கர் பன்னெண்டு பதினெட்டுக்கு வந்துச்சு” என்றேன். “அஞ்சு நிமிஷத்துல சாப்பிடணும்னு ஆன்ட்டி சொன்னாங்க. நாங்க வீடியோ எடுத்துக்கிட்டே இருந்தோம். நான் ஒண்ணு ஏழுக்குத்தான் கடிச்சேன். நாப்பத்தொம்பது நிமிஷம் ஆறிப்போச்சு. பின்னாடி வந்த ஆவி வெந்நீர் டம்ளர்ல இருந்து வந்தது. தப்பு பர்கர்மேல இல்ல, எங்கமேல.”

அப்பா சிரிக்க முயற்சி செய்தார். வரவில்லை. போனைப் பிடுங்கி நிறுத்திவிட்டார்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். முட்டாள்! அடுத்த அரை மணி நேரத்தில் வீடியோவுக்குக் கீழே என்னவெல்லாம் எழுதினார்கள் தெரியுமா? ‘கடைக்காரங்க எவ்ளோ கொடுத்தாங்க?’ ‘பொண்ணுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க.’ ‘இதுவும் நடிப்பு.’ என் முகத்தை நம்பியவர்கள் என் பேச்சை நம்பவில்லை. ஏதோ ஒருவர் மட்டும், ‘பாவம், அந்த அக்கா கடைக்கு நாளைக்குப் போகணும்’ என்று எழுதியிருந்தார். அவர் போனாரா என்று எனக்குத் தெரியாது.

அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு வேண்டுமா என்றுகூட அம்மா மூலமாகத்தான் கேட்டார். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவரும் சரியாகத் தூங்கவில்லை என்று அம்மா சொன்னார். புதன்கிழமை ராத்திரி, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

“எடுத்துட்டேன்.”

“வீடியோவையா?”

“ம். எல்லாத்தையும் திரும்பப் பார்த்தேன். நாப்பத்தொம்பது இல்ல. நீ முதல் கிளிப்பை விட்டுட்ட. அம்பத்தொண்ணு நிமிஷம்.”

வீடியோ போய்விட்டது. ஸ்டிக்கர் போகவில்லை. அதை யார் செய்தார்கள், எத்தனை போனில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அப்பா முயற்சி செய்து பார்த்தார்.

சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஆறு மேசைக்குப் போனோம். குச்சியை அப்பா வீட்டிலேயே வைத்துவிட்டார். தீபலட்சுமி ஆன்ட்டி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“சாப்பிட வந்தீங்களா, எடுக்க வந்தீங்களா?”

அப்பாவுக்கு முகம் சிவந்தது. “சாரி சொல்ல வந்தோம் மேடம்.”

“சரி, சொல்லிட்டீங்க” என்றார் ஆன்ட்டி. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஓரத்து மேசையில் சத்யா கணக்கு வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

“ஆன்ட்டி, அந்த பர்கர்...” என்று இழுத்தேன்.

“அது இல்ல. நிறுத்தியாச்சு. பன்காரர்கிட்டயும் வேணாம்னு சொல்லிட்டேன். லெமன் சாதம் இருக்கு, தோசை இருக்கு.”

சுவரில் பார்த்தேன். ஸ்பெஷல் என்று எழுதியிருந்த இடத்தைச் சுரண்டி, மேலே வெள்ளை அடித்திருந்தார்கள். எல்லா வீட்டிலும் கிடைக்கிற லெமன் சாதத்தை விற்கத்தான் இவர் இந்தக் கடையைத் திறந்தாரா?

“ஆன்ட்டி, அன்னைக்கு நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்ல, அது பொய்.”

“தெரியும்.”

“உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்...”

ஆன்ட்டி முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

“பாப்பா, ‘நமத்துப் போச்சு ஆன்ட்டி’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வேற ஒண்ணு போட்டுக் கொடுத்திருப்பேன். அதுக்கு எவ்ளோ நேரம் ஆயிடும்?”

நான் அழுதுவிட்டேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆன்ட்டி உள்ளே போய் இரண்டு தட்டு லெமன் சாதம் கொண்டுவந்து வைத்தார். ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட்டோம். சாதம் சுடச்சுட இருந்தது. ஆனால் ருசி பார்க்கும் நிலையில் நான் இல்லை.

கிளம்பும்போது சத்யாவின் மேசை அருகே நின்றேன்.

“சத்யா, அந்த பர்கர் உனக்குச் செய்யத் தெரியுமா?”

“ஏன்? மறுபடி மூஞ்சியைக் காட்டவா?”

“இல்ல. அது எப்படி இருக்கும்னு எனக்கு இன்னும் தெரியாது. அதைப் பத்தி ஊருக்கே சொல்லிட்டேன், ஆனா நான் சாப்பிடவே இல்ல.”

சத்யா பென்சிலைக் கடித்தாள்.

“எங்ககிட்ட பன் கிடையாது” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். முடியாது என்று சொல்லவில்லை. அது எனக்குப் போதும்.

அடுத்த சனிக்கிழமை அப்பா தனியாகப் படப்பையில் ஒரு புதுக் கடைக்கு வீடியோ எடுக்கப் போனார். இனி வரமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன், அவரும் கட்டாயப்படுத்தவில்லை. நான் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்துப் பேக்கரியில் நான்கு பன் வாங்கிக்கொண்டு ஆறு மேசைக்குப் போனேன். அம்மா கடை வாசல்வரை வந்து விட்டுவிட்டு, காய்கறி வாங்கப் போனார்.

மத்தியான நேரம். கடையில் ஒரே ஒரு தாத்தா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பையை நீட்டினேன். சத்யா வாங்கி உள்ளே பார்த்தாள்.

“அம்மா, அடுப்பு வேணும்” என்றாள்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார், பன்னைப் பார்த்தார். அடுப்பை விட்டு நகர்ந்து, எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கோழியையும் அப்பளத்தையும் அவரே பொரித்தார். பன்னை வாட்டியதும், சட்னி தடவியதும், எல்லாவற்றையும் அடுக்கியதும் சத்யா. சோடா பாட்டிலையும் அவளே படீரென்று திறந்து ஊற்றினாள்.

தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“சீக்கிரம்” என்றாள். கண்ணை மூடி ஒரே ஒரு தடவை ஜெபம் பண்ணினேன்.

கடித்தேன். அப்பளம் உடைந்த சத்தத்தில் தோசை சாப்பிட்ட தாத்தா திரும்பிப் பார்த்தார். மிளகு சுரீரென்று ஏறியது. வெண்ணெய் மோவாயில் வழிந்தது. சோடா மூக்குவரை ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. பாதியை முடித்த பிறகுதான் தலையை நிமிர்த்தினேன்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள் சத்யா. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. ஆன்ட்டியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

‘சூப்பர்’ என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் அவளுக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். வாயைத் துடைத்துக்கொண்டேன்.

“அப்பளமும் கோழியும் பிரமாதம். புதினாதான் கொஞ்சம் அதிகம்.”

சத்யா என்னை முறைத்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், அடுத்த பன்னை எடுத்தாள்.